61 வயதில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன், சக்கரம் பின்னால் ஓடுகிறது. வழி சொல்லுங்கள்

கடைசி டிரிப் (திண்டுக்கல்) | திங்கள், காலை 6.20

எல்லோருக்கும் வணக்கம். 33 வருடம் பஸ் ஓட்டினேன். போன வருடம் ஓய்வு பெற்றேன். எங்கள் வீட்டில் கறுப்பு நிறக் கால் மெஷின் ஒன்று இருக்கிறது, கல்யாணமான புதிதில் தவணையில் வாங்கியது. இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடச் சீருடை முழுக்க அதில்தான் தைத்தாள் என் வீட்டுக்காரம்மா. அக்கம்பக்கத்துக்கும் பிளவுஸ் தைத்துக் கொடுப்பாள். இப்போது இரண்டு முழங்காலிலும் வலி. மெஷின் மிதிக்கவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. மெஷின் மேல் பழைய பேப்பரும் மடிக்காத துணியும் ஏறிவிட்டன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ போல இருந்தது.

கடையில் வாங்கும் உள்பாவாடை அவளுக்கு எப்போதும் உயரம் பற்றாது. நானே கற்றுக்கொண்டு ஒன்று தைத்துக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. ஊரில் ஒரு தையல் வகுப்பில் கேட்டேன். பெண்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். சரி, வீட்டிலேயே ஆசிரியை இருக்கிறாளே என்று உட்கார்ந்தேன்.

மூன்று வாரமாகிறது. மிதித்தால் நாலு தையல் முன்னால் போகிறது, சட்டென்று சக்கரம் பின்னால் திரும்பிவிடுகிறது. நூல் அறுகிறது. அறுகாவிட்டால் துணிக்கு அடியில் கொத்தாகச் சுருண்டு மாட்டிக்கொள்கிறது. அவள் பக்கத்தில் நின்று சொல்லித் தருவாள், ஐந்து நிமிடத்தில் இரண்டு பேருக்கும் பேச்சு தடித்துவிடும். நேற்று "உங்களுக்கு இது வராது, விடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி ஏற்றி இறக்கியவன் நான். இந்த ஒரு சக்கரத்திடம் மனம் விட்டுப்போகிறது. இந்த வயதில் கால் பழகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நாலு முழம் (கோவை) | திங்கள், காலை 7.45

பழகும் அண்ணா. நான் 38 வயதில் ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாரம் உங்களுக்கு நடப்பது அத்தனையும் எனக்கும் நடந்தது, அதே பின்னால் ஓடும் சக்கரம், அதே நூல் கொத்து. இன்று என் இரண்டு பெண்களுக்கும் பாவாடை சட்டை நான்தான் தைக்கிறேன். மதுரை அக்கா ஒருவர் இங்கே இருக்கிறார், அவர் வரட்டும். விவரமாகச் சொல்வார்.


மல்லிகை முற்றம் (மதுரை) | திங்கள், பகல் 11.10

ஐயா, வணக்கம். 22 வருடமாகத் தையல் சொல்லிக் கொடுக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதலில் சொல்லத் தோன்றியது இதுதான்: உங்களுக்கு வராமல் இல்லை. ஒரே நேரத்தில் மூன்று வேலையைப் பிடித்துக்கொண்டு போராடுகிறீர்கள். கால் ஒரு வேலை, கை ஒரு வேலை, நூல் ஒரு வேலை. தனித்தனியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் எளிது.

இன்றைக்கு மெஷினில் இருந்து நூலைக் கழற்றிவிடுங்கள், மேல் நூல், பாபின் (அடி நூல் சுற்றிய சின்ன உருளை) இரண்டையும். ஊசிக்கு அடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தைத் தூக்கி வையுங்கள். துணி வேண்டாம். அப்புறம் கைச்சக்கரத்தின் நடுவில் ஒரு வட்டத் திருகு இருக்கும் பாருங்கள். சக்கரத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு அந்தத் திருகை உங்கள் பக்கமாகத் திருப்பித் தளர்த்துங்கள். இப்போது மிதித்தால் சக்கரம் மட்டும் சுற்றும், ஊசி அசையாது. பாபினில் நூல் சுற்றும்போது உங்கள் வீட்டு அம்மாவும் இப்படித்தான் தளர்த்துவார், கேட்டுப் பாருங்கள். உங்கள் பாஷையில் சொன்னால் வண்டி நியூட்ரலில் இருக்கிறது. எஞ்சின் ஓடும், வண்டி நகராது.

இனி கால். உங்கள் இரண்டு பாதங்களையும் மிதியின் மேல் முழுதாக வையுங்கள், நுனிக்கால் மட்டும் போதாது. வலது கால் கொஞ்சம் முன்னால், இடது கால் கொஞ்சம் பின்னால். முன்னால் இருக்கும் விரல்கள் அழுத்தும்போது பின்னால் இருக்கும் குதிகால் விட்டுக்கொடுக்க வேண்டும், குதிகால் அழுத்தும்போது விரல்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். ஊஞ்சலை ஆட்டுவது மாதிரி. பஸ் பெடல் போல ஒரே பக்கம் அழுத்திப் பழகிய கால் உங்களுடையது, அதனால்தான் விட்டுக்கொடுக்க மறுக்கிறது.

தொடக்கம் எப்போதும் கையில்தான் இருக்கிறது. வலது கையால் சக்கரத்தின் மேல் பகுதியை உங்களை நோக்கிச் சுற்றிவிடுங்கள். அது சுற்ற ஆரம்பித்ததும் கால் அதன் பின்னாலேயே போகட்டும். கால் தொடங்கி சக்கரம் தொடர்ந்தால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. நிறுத்தும்போதும் கை சக்கரத்தின் மேல் இருக்கட்டும். பின்னால் திரும்பப் போகிறது என்று தோன்றினால் உள்ளங்கையால் மெல்லப் பிடித்து நிறுத்துங்கள்.

இதை மட்டும் மூன்று நாள் செய்யுங்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ரேடியோவில் பாட்டு வைத்துக்கொண்டு செய்தால் கால் தானாகத் தாளம் பிடிக்கும். நூறு சுற்றில் ஒரு சுற்றுகூடப் பின்னால் போகாத அன்று எனக்கு எழுதுங்கள்.

இன்னொரு விஷயம். இந்த மூன்று நாளும் அம்மாவைப் பக்கத்தில் நிற்க வைக்காதீர்கள். நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்களுக்குக் கால் எப்படிப் போகிறது என்று சொல்லத் தெரியாது, அது அவர்களுக்கு மூச்சு மாதிரி. சொல்ல முடியாத ஆற்றாமைதான் கோபமாக வருகிறது. உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை.


பழுது பார்க்கும் கை (கரூர்) | திங்கள், இரவு 9.30

அக்கா காலைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் மெஷினைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்றரை வருடம் ஓடாத மெஷினில் பழைய எண்ணெய் பிசின் மாதிரி இறுகியிருக்கும். சக்கரம் பின்னால் இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மிதி கனமாக இருந்தால் சக்கரம் ஒரு சுற்று முடிக்கும் முன்பே வேகம் செத்துவிடும், செத்த இடத்தில் எந்தப் பக்கமும் திரும்பும்.

எண்ணெய் விடும் துளைகளில் முதலில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் இல்லாமல் நிதானமாக ஓட்டுங்கள். கறுப்பாக வழிவதைத் துடைத்துவிடுங்கள். பக்கத்தில் அடுப்பு, விளக்கு எதுவும் இருக்கக் கூடாது. அப்புறம் மெஷின் எண்ணெய், துளைக்கு ஒரு சொட்டு போதும். கீழே பெரிய சக்கரத்தின் அச்சு, மிதியையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் இரண்டு முனை, இந்த இடங்களை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அங்கேயும் விடுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். நாளானால் அது பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். என்னிடம் இறுகிப்போய் வரும் மெஷின்களில் பாதிக்கு மேல் அந்த எண்ணெய் வாசனைதான்.

தோல் பெல்ட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். மிதிக்கும்போது பெல்ட் வழுக்கினால் அரை இஞ்ச் வெட்டி மறுபடி கிளிப் மாட்டிக்கொள்ளலாம். ரொம்ப இறுக்கினாலும் மிதி கனத்துவிடும்.

நூல் கொத்தாகச் சுருள்வதைப் பற்றி. அடியில் கொத்து விழுந்தால் எல்லோரும் பாபினைத்தான் திட்டுவார்கள். குற்றம் பெரும்பாலும் மேல் நூலில் இருக்கும். தையல் எப்படி விழுகிறது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்தால் அப்புறம் பயமே போய்விடும். ஊசித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மூடியை நகர்த்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஊசி கீழே போய் மேலே திரும்பத் தொடங்கும் அந்தக் கணத்தில், அதன் காதுக்குப் பக்கத்தில் நூல் ஒரு சின்ன வளையமாக விரியும். அடியில் பாபினைத் தாங்கியிருக்கும் ஷட்டிலின் கூர்முனை அந்த வளையத்துக்குள் நுழைந்து, அதைப் பாபினைச் சுற்றி இழுத்துக்கொண்டு போகும். மேலே இருக்கும் லீவர் மிச்ச நூலை இழுத்து முடிச்சை இறுக்கும். இவ்வளவுதான். மேல் நூல், அதை அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் தகடுகளுக்கு நடுவே உட்காராமல் வெளியே போய்க்கொண்டிருந்தால் லீவரால் இழுத்து இறுக்க முடியாது. இழுபடாத நூல் அத்தனையும் அடியில் கொத்தாக விழும். சக்கரம் பின்னால் போனாலும் அதே கதைதான், வளையம் விரியும் நேரத்தில் ஷட்டில் அங்கே இருக்காது.

அதனால் நூல் கோக்கும்போது பாதத்தைத் தூக்கி வையுங்கள், தகடுகள் விலகியிருக்கும், நூல் ஒழுங்காக உட்காரும். தைக்கும்போது பாதத்தை இறக்க மறக்காதீர்கள். முதல் தையலுக்கு இரண்டு நூல் முனையையும் பாதத்துக்கு அடியில் பின்பக்கமாக விட்டு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஊசி. அதன் தலையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், எதிர்ப்பக்கம் உடம்பு முழுக்க நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் பள்ளமுள்ள பக்கத்தில் நுழைந்து தட்டைப் பக்கமாக வெளியே வர வேண்டும். எந்த மெஷினாக இருந்தாலும் இதுதான் கணக்கு. ஊசியை மேலே முட்டும் வரை ஏற்றித் திருகை இறுக்குங்கள். பாப்ளின், பெட்ஷீட் துணிக்கு 14ஆம் நம்பர் போதும்.


இரவு நூல் (சென்னை) | செவ்வாய், காலை 8.00

ஒரு மோட்டார் மாட்டிவிட்டால் இத்தனை கஷ்டமும் இல்லையே? பழைய மெஷினிலேயே சின்ன மோட்டார் பொருத்தலாம். கால் பழக்கம், பின்னால் சுற்றுவது எதுவும் கிடையாது. 61 வயதில் எதற்கு இந்தத் தண்டனை?


மல்லிகை முற்றம் (மதுரை) | செவ்வாய், காலை 10.25

தண்டனை என்று நான் நினைக்கவில்லை. மோட்டார் நல்லதுதான், கால் முடியாதவர்களுக்கு அதைவிட நல்லது வேறு இல்லை. ஆனால் முதன்முதலாகத் துணியைப் பிடிப்பவர்களுக்குக் கால் மெஷின் தருகிற நிதானத்தை மோட்டார் தராது. கொஞ்சம் அழுத்தினாலே பாய்ந்து ஓடும். ஊசிக்கு அடியில் விரல் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கால் மெஷினில் ஒரு தையல் வேண்டுமென்றால் ஒரே ஒரு தையல் போடலாம்.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்று இருக்கிறது. ஐயா, மோட்டார் உங்களுக்கு வேண்டியதில்லை. அம்மாவுக்கு வேண்டுமா என்று கேட்டீர்களா? மோட்டாரின் கால்கட்டையைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், முழங்காலை ஆட்ட வேண்டியதில்லை. டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.


கடைசி டிரிப் (திண்டுக்கல்) | வியாழன், மாலை 5.40

அக்காவுக்கும் கரூர் தம்பிக்கும் நன்றி. மண்ணெண்ணெய் விட்டு ஓட்டியதில் கறுப்பாக ஒரு குழம்பே வந்தது. துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது. இப்போது மிதி பாதிக் கனம்கூட இல்லை.

நியூட்ரல் என்று சொன்னீர்களே, அந்த ஒரு சொல்லில் எனக்கு விளங்கிவிட்டது. நான் முதல் நாளிலிருந்தே கியரில் போட்டுக்கொண்டு கிளட்ச் பழகியிருக்கிறேன். மூன்று நாளாக வெறும் சக்கரம்தான். முதல் நாள் நூறில் முப்பது தடவையாவது பின்னால் போனது. இன்று காலையில் நூற்றிருபது எண்ணினேன், ஒன்றுகூடப் போகவில்லை.

மோட்டாரைப் பற்றி வீட்டில் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எனக்கு வெட்டறதுதான் பிடிக்கும். ஓட்டறது நீங்க ஓட்டுங்க" என்றாள். முப்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தும் அவளுக்கு வெட்டுவதுதான் பிடிக்கும் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது. கத்தரிக்கோலைத் தேடி எடுத்துச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்து என்ன செய்ய வேண்டும்?


மல்லிகை முற்றம் (மதுரை) | வியாழன், இரவு 8.15

நூற்றிருபதா! ரொம்பச் சந்தோஷம் ஐயா.

அடுத்தது காகிதம். கோடு போட்ட நோட்டுத் தாள் எடுங்கள். நூல் இல்லாமல், பழைய ஊசி போட்டு (காகிதத்தில் ஓட்டினால் ஊசி மழுங்கும்), நடுத் திருகை இறுக்கிவிட்டு, கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். முடித்ததும் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் எங்கே விலகினீர்கள் என்று ஓட்டைகளே காட்டிவிடும். நேர்க்கோடு வந்ததும் சதுரம். சதுரத்தின் மூலையில் ஊசியைத் தாளுக்குள்ளேயே இறக்கி வைத்து, பாதத்தைத் தூக்கி, தாளைத் திருப்பி, பாதத்தை இறக்கித் தொடருங்கள். கடைசியாக நத்தைச் சுருள். அது வந்துவிட்டால் கழுத்து வளைவும் வரும்.

தாளை இழுக்காதீர்கள். அடியில் இருக்கும் பல் அதைத் தானே நகர்த்தும். பின்னாலிருந்து இழுத்தால் ஊசி வளையும், வளைந்த ஊசி தட்டில் பட்டு ஒடியும். கையின் வேலை வழிகாட்டுவது மட்டும்தான்.


வடமராட்சி (யாழ்ப்பாணம்) | வெள்ளி, காலை 6.50

ஐயா, வாசித்துக்கொண்டு வருகிறேன், மனதுக்கு நல்ல சந்தோஷமாக இருக்கிறது. எங்கட பக்கத்திலும் தையல் மெசின் இல்லாத வீடு குறைவு. அம்மம்மாவிடம்தான் நான் பழகினேன்.

நூல் கோப்பதற்குக் கண் தெரியாவிட்டால் ஊசிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டைப் பிடியுங்கள், காது பளிச்சென்று தெரியும். நூல் முனையைப் பல்லால் கடிக்காமல் கத்தரியால் சரிவாக வெட்டுங்கள். கறுப்புத் துணியைப் பகலில் மட்டும் தையுங்கள். பின்னேரத்தில் வேண்டாம்.


முதல் பிளவுஸ் (பெங்களூரு) | வெள்ளி, பகல் 1.30

இந்த இடத்தில் நானும் கேட்கலாமா? எனக்கு 27 வயது. மின்சார மெஷின் வாங்கி இரண்டு மாதமாகிறது. வீடியோ பார்த்து என் பட்டுப் புடவையின் பிளவுஸ் துணியை வெட்டினேன். ஆர்ம்ஹோல் (கை பொருத்தும் வளைவு) தப்பாகிவிட்டது, கை ஏறவே இல்லை. அம்மா வாங்கிக் கொடுத்த புடவை அது. மெஷினை மூடி வைத்துவிட்டேன். ஐயா 61 வயதில் நூற்றிருபது சுற்று எண்ணியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.


மல்லிகை முற்றம் (மதுரை) | வெள்ளி, மாலை 4.00

எழுதினாயே, அதுவே நல்லது கண்ணு. அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடாதே, பத்திரமாக வை. ஆர்ம்ஹோல் குறைவாக வெட்டியிருந்தால் இன்னும் வெட்டி இறக்கலாம். அதிகமாக வெட்டியிருந்தாலும் அக்குளில் ஒரு துண்டு வைத்து ஒட்டுப் போடலாம். புடவைக்குள் யாருக்கும் தெரியாது. படம் போடு, பார்த்துச் சொல்கிறேன்.

ஆனால் பிளவுஸில் ஆரம்பித்ததுதான் உன்னை இப்படி நோகடித்திருக்கிறது. பிளவுஸ் என்பது இருக்கிற தையலிலேயே கடினமான ஒன்று. உடம்பின் வளைவு அத்தனையையும் தட்டையான துணியில் கொண்டுவர வேண்டும். டக், கை, கழுத்து, பட்டி, கொக்கி என்று எல்லாம் அதில் ஒன்றாக வரும். என்னிடம் வருகிறவர்களை ஆறு மாதத்துக்குப் பிளவுஸ் பக்கமே விடமாட்டேன்.

சின்ன வயதில் அப்பா என்னை மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்துக்குக் கூட்டிப்போவார். இரண்டு பக்கமும் கல் சிற்பத் தூண்கள், தூணுக்குத் தூண் ஒரு தையல் மெஷின். துணியைக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தால் தைத்து வைத்திருப்பார்கள். அங்கே ஒரு தாத்தா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, பக்கத்துக் கடைப் பையனைக் காட்டி, "இவன் ஒரு வருசமா தலையணை உறைதான் தைக்கிறான்" என்றார். அந்தப் பையனின் தையலைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருந்தது. இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். நூல் வாங்க அங்கே போகும்போதெல்லாம் அந்தத் தாத்தாவை நினைத்துக்கொள்வேன்.

அதனால் நீயும் ஐயாவும் சேர்ந்தே ஒரு பை தையுங்கள். மஞ்சப்பை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு என் மாணவிகள் எல்லோரையும் பையில்தான் தொடங்க வைக்கிறேன். முழுக்க நேர்க்கோடுதான், நாலு மூலை இருக்கிறது, மடிப்பு இருக்கிறது, கனமான இடத்தில் தைப்பதும் இருக்கிறது. கோணலாகப் போனாலும் பை பையாகத்தான் இருக்கும், காய்கறி வாங்கலாம்.

அளவு சொல்கிறேன். காடா துணியோ பழைய பெட்ஷீட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பனியன் துணி வேண்டாம், இழுபடும். புதுத் துணி என்றால் முந்தின இரவே தண்ணீரில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிட்டு வெட்ட வேண்டும். பருத்தி முதல் தடவை நனையும்போது சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் ஒன்றும் செய்ய முடியாது.

15 இஞ்ச் அகலம், 35 இஞ்ச் நீளத்தில் ஒரே துண்டு. நீளத்தின் இரண்டு முனையிலும் முதலில் அரை இஞ்ச், மறுபடி ஒரு இஞ்ச் மடித்துத் தைத்துவிடுங்கள், அதுதான் பையின் வாய். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சரிபாதியாக மடித்து, இரண்டு பக்கமும் அரை இஞ்ச் விட்டுத் தைத்தால் 14க்கு 16 இஞ்சில் பை வந்துவிடும். வாய்ப் பக்கம் இழுபடும் இடம், அங்கே தொடக்கத்திலும் முடிவிலும் கெட்டித் தையல் போட வேண்டும். பிடிக்கு 3 இஞ்ச் அகலம், 20 இஞ்ச் நீளத்தில் இரண்டு துண்டு. ஓரங்களை நடுவுக்கு மடித்து, மறுபடி பாதியாக மடித்தால் முக்கால் இஞ்ச் பட்டை கிடைக்கும்.


நாலு முழம் (கோவை) | வெள்ளி, மாலை 6.20

அக்கா சொன்னதோடு ஒன்று. பிடியை வாயில் வைத்துத் தைக்கும் இடத்தில் துணி ஏழு அடுக்கு வந்துவிடும். நான் அந்த இடத்தில்தான் இரண்டு ஊசி ஒடித்தேன். 16ஆம் நம்பர் ஊசி போட்டு, காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாகப் போடுங்கள். ஒரு சதுரமும் அதற்குள் ஒரு பெருக்கல் குறியும் போட்டால் அஞ்சு கிலோ அரிசிக்கும் தாங்கும்.


கடைசி டிரிப் (திண்டுக்கல்) | அடுத்த புதன், இரவு 8.50

பை முடிந்தது. படம் போட்டிருக்கிறேன்.

காகிதத்தில் நான்கு நாள் ஓட்டினேன். முதல் இரண்டு நாள் கோடு பாம்பு மாதிரி போயிற்று. மூன்றாம் நாள் ஒன்று புரிந்தது, சொல்கிறேன், பெங்களூரு மகளுக்கும் உதவும். டெப்போவில் புதிதாக வரும் டிரைவர்களுக்குக் கொஞ்ச காலம் நான் வண்டி பழக்கினேன். பயப்படுகிறவன் வண்டியின் மூக்கையே பார்த்து ஓட்டுவான், வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும். ரோட்டைத் தூரத்தில் பார் என்பேன், வண்டி நேராகிவிடும். நான் இங்கே ஊசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்! ஊசி மேலும் கீழும் போவதைப் பார்த்து என்ன பயன்? பார்வையை ஊசியிலிருந்து எடுத்து, பாதத்துக்கு முன்னால் வரப்போகும் கோட்டில் வைத்தேன். துணி நேராகப் போக ஆரம்பித்துவிட்டது. ஓரத் தையலுக்குப் பாதத்தின் வலது விளிம்பையும் துணியின் விளிம்பையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் போதும் என்று இவள் சொன்னாள்.

துணி வெட்டியது இவள்தான். கட்டிலில் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து, சாக்பீஸால் ஒரே இழுப்பில் கோடு போட்டாள். கத்தரி துணிக்குள் போகும் சத்தம் ஒன்றரை வருடத்துக்கு அப்புறம் வீட்டில் கேட்டது. நான் தைத்ததில் ஒரு பக்கம் மட்டும் கோணலாகப் போய்விட்டது, அரை இஞ்சுக்குப் பதில் ஓரிடத்தில் கால் இஞ்ச்தான் இருக்கிறது. பிரித்துவிடட்டுமா என்றேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வேணாம், அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு ஓட்டு ஓட்டுங்க" என்றாள். ஓட்டினேன். பிடியில் சதுரமும் பெருக்கல் குறியும் கையால் சுற்றித்தான் போட்டேன், நாலு இடத்துக்கும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஊசி ஒடியவில்லை.

இன்று காலை அதில்தான் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தேன்.


பழுது பார்க்கும் கை (கரூர்) | அடுத்த புதன், இரவு 9.20

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் அண்ணே. தையல் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. ஒன்று மட்டும்: அடிப்பக்கம் பாபின் நூல் லேசாக நேராகக் கிடப்பது போலத் தெரிகிறது. மேல் டென்ஷன் திருகைக் கால் சுற்று இறுக்குங்கள். பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாக இறங்கக் கூடாது, லேசாக ஒரு உதறு உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். அப்படி இருந்தால் பாபின் பக்கம் கை வைக்க வேண்டாம்.


முதல் பிளவுஸ் (பெங்களூரு) | வியாழன், இரவு 10.40

நானும் முடித்துவிட்டேன்! மெஷினின் வேகத்தைக் குறைக்கும் பட்டன் ஒன்று இருக்கிறது, இரண்டு மாதமாக அதைக் கவனிக்கவே இல்லை. ஆமை படம் போட்ட பக்கமாக வைத்துத் தைத்தேன். தூரத்தில் பார்க்கச் சொன்னது ரொம்ப உதவியது ஐயா. பிளவுஸ் படமும் போட்டிருக்கிறேன், மதுரை அக்கா பார்க்க வேண்டும்.


மல்லிகை முற்றம் (மதுரை) | வெள்ளி, காலை 9.15

பார்த்தேன். பிளவுஸ் பிழைத்துக்கொள்ளும். முன்பக்க ஆர்ம்ஹோல் கால் இஞ்ச் குறைவாக வெட்டியிருக்கிறாய், அவ்வளவுதான். தையலைப் பிரித்து, மீதத் துணியில் வெட்டாமல், முதலில் ஒரு பழைய துணியில் அந்தக் கை மட்டும் வெட்டி ஏற்றிப் பார். சரியாக ஏறியதும் பட்டில் கத்தரி வை. அவசரம் இல்லை.

ஐயா, அடுத்தது உள்பாவாடைதானே?


கடைசி டிரிப் (திண்டுக்கல்) | வெள்ளி, பகல் 12.05

ஆமாம். இரண்டே கால் மீட்டர் பாப்ளின் வாங்கி நேற்றே நனைத்துப் போட்டுவிட்டேன், மெரூன் நிறம். பழைய பாவாடை ஒன்றைப் பிரித்து, அந்தத் துண்டுகளை அப்படியே மேலே வைத்து, உயரம் மட்டும் இரண்டு இஞ்ச் கூட்டி வெட்டலாம் என்று இவள் சொல்கிறாள். நாடாப் பட்டிக்கு எத்தனை இஞ்ச் விட வேண்டும் என்பதில்தான் எங்களுக்குள் பேச்சு. இவள் ஒன்றரை என்கிறாள். நான் இரண்டு என்கிறேன்.


மல்லிகை முற்றம் (மதுரை) | வெள்ளி, பகல் 12.30

அம்மா சொல்வதுதான் சரி. ஒன்றரை விடுங்கள், மடித்துத் தைத்தால் நாடா போகத் தாராளமாக இடம் இருக்கும். நாடாவை ஒரு ஊக்கில் மாட்டிக் கோத்துவிடுங்கள். பக்கத்தில் கட்டும் இடத்தில் நாலு இஞ்ச் திறப்பு விட மறக்காதீர்கள்.